நிவேதா கேட்டு வாங்கிய அரை மதிப்பெண்

தரமணியில் ரயிலுக்கு நின்றபோது பழைய மாணவி கவிதா ஃபோனில் அழைத்தாள். "சார், நிவேதா மிஸ் எறந்துட்டாங்க சார். டெங்குவாம்." தெருவில் தேங்கிய தண்ணீருக்கு விதி என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. நிவேதாவும் வைத்திருக்க மாட்டார்.

அபிராமபுரம் டியூஷன் சென்டரில் அவரும் நானும் சேர்ந்து கணக்கு எடுத்தோம். அவர் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும், இங்கே அவருக்காகக் கூடியிருக்கும் உங்களுக்கும் தெரியும்.

ஆற்றங்கரை வீடு இடிக்கப்பட்டு, ஊருக்கு வெளியே தூக்கி எறியப்பட்ட குடும்பம் கவிதாவுடையது. இரண்டு பஸ் மாறித் தாமதமாக வருவாள். அப்படிப்பட்டவர்களைக் கழித்துவிட சென்டர் உரிமையாளர் ஒரு வழி கண்டுபிடித்தார்: கலப்பெண் தேர்வில் பாதி மதிப்பெண் எடுக்காதவர்கள் இனி வர வேண்டாம்.

கவிதாவுக்கு அரை மதிப்பெண் குறைந்தது. 3+4i என்ற எண்ணின் மெய்ப்பகுதி 3, கற்பனைப் பகுதி 4i என்று எழுதியிருந்தாள். வெறும் 4 என்று எழுதியிருக்க வேண்டும். உரிமையாளர் பூஜ்யம் போட்டார்.

"மெய்ப்பகுதி சரியாத்தானே இருக்கு சார்? அதுக்கு அரை மார்க் குடுங்க" என்றார் நிவேதா.

"கணக்குல பாதி சரின்னு ஒண்ணு கிடையாதும்மா. அந்தப் பொண்ணுக்குப் புரியல."

நிவேதா உரிமையாளரையும் கவிதாவையும் மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார். தரையெல்லாம் சதுர ஓடுகள் பதித்திருந்தது. "கிழக்கே மூணு கட்டம், வடக்கே நாலு கட்டம் நட."

கவிதா நடந்தாள்.

"வடக்கே எத்தனை கட்டம்?"

"நாலு மிஸ்."

"நாலு ஐ இல்லியா?"

"இன்னா மிஸ் நீங்க! ஐ வடக்கால போன்னு வழி காட்டுது. கட்டம் நாலுதான கீது?" சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, தப்பா எழுதிட்டேன்!"

உரிமையாளர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "சரிம்மா, மெய்ப்பகுதிக்கு அரை மார்க். ஆளை விடு."

"அப்ப மீதி அரை, மிஸ்?" என்றாள் கவிதா.

"பேப்பர்ல தப்புதானே? ஆசையப் பாரு!" அன்றைய சிரிப்பு இரண்டு தெரு தாண்டியிருக்கும்.

கவிதா தொடர்ந்து வந்தாள். இப்போது பொறியியல் படிக்கிறாள்.

"மொதல்ல சரியானதுக்கு டிக் போடு, அப்புறம் திட்டு" என்பார் நிவேதா என்னிடம். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த வரிசை. நேற்றும் ஒரு தாளில் 4i இருந்தது. மெய்ப்பகுதிக்கு டிக் போட்டேன். பிறகு, வஞ்சனையில்லாமல் திட்டினேன்.