சுற்றாடல் பாடமும் அம்மாக்கண்ணுவின் தொட்டிலும்

கீழ் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் அம்மாக்கண்ணுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. இப்போதும் முழு மனதோடு சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

அம்மாக்கண்ணு எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் முப்பத்தொரு வருடம் ஆயம்மாவாக இருந்தவள். கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற நாங்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவோம். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்று பிள்ளையை அவள் கையில் திணித்துவிட்டு ஓடுவோம். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஒரு ஓட்டம். அப்புறம் சாயந்தரம்தான். அவள் புருஷன் செல்லசாமி கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டான். ஒரே மகளைக் கினிகத்தேனையில் கட்டிக்கொடுத்தாள். மற்றபடி ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் பிள்ளைகள். அதுதான் எனக்குப் பிடிக்காதது.

என் மகன் கணேசமூர்த்தி முதலில் எட்டு வைத்தது அவள் முன்னால். முதல் பல்லைப் பார்த்ததும் அவள். அவன் முதலில் பேசிய வார்த்தை "ஆயா". அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இந்த அக்கரப்பத்தனை மழைக்கும் அணையவில்லை.

அவனை முதன்முதலாக அங்கே கொண்டுபோய் விடுவதற்கு முதல் நாள் அம்மாக்கண்ணு, "தொட்டில் கட்ட ஒன் பழைய சீலை ஒண்ணு கொண்டா மீனா" என்றாள். அழுக்கு என்று ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, அடுப்புக்கு மேலே காயப்போட்டு, மடித்துக் கொடுத்தேன். பிள்ளை காலையிலிருந்து கத்து கத்தென்று கத்தியிருக்கிறான். பத்து மணிக்கு நான் மூச்சிரைக்க ஓடினால், அத்தனை பெண்கள் முன்னால் கேட்கிறாள்:

"ஏன் மீனா, புள்ளைய சோப்புக் கட்டிக்குள்ளயா படுக்க வைக்கிறது? உடுத்துன சீலைய அப்படியே குடு. அம்மா வாசம் இருந்தாத்தான் தூங்குவான்."

எல்லாரும் சிரித்தார்கள். இவ்வளவு தெரிந்தவள் முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? மறுநாள் உடுத்திய சீலையைக் கொடுத்தேன். பிள்ளை தூங்கினான். ஆனால் அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

இப்போது அவன் மகள், என் பேத்தி லோஜினிக்கு வருகிறேன். அவளைக் கொட்டகலை வழியில் இருக்கும் சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வேதக்காரப் பள்ளிக்கூடம் என்று முதலில் நான் மறித்தேன். அப்புறம் அங்கே என்னென்ன பாடம் என்று பிள்ளை தினமும் ஒப்பிக்கக் கேட்டு, மூன்றாம் வகுப்பு நேரசூசி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. தமிழ், கணிதம், சிங்களம், இங்கிலீஷ். சமயப் பாடத்துக்கு மணி அடித்தால் வேதக்காரப் பிள்ளைகள் ஒரு அறைக்கு, நம் சைவப் பிள்ளைகள் ஒரு அறைக்கு, முனாப் கடை ரிஸ்னா மாதிரி முஸ்லிம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இன்னொரு அறைக்குப் போவார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பது சுற்றாடல். மண், மழை, பூச்சி, மரம், நம்மைச் சுற்றி இருக்கிற ஆட்கள். மற்றப் பாடம் எதுவும் எனக்கு விளங்காது. சுற்றாடல் மட்டும் எனக்காகவே வைத்த பாடம் மாதிரி இருந்தது.

ஒரு நாள் லோஜினி வந்து சொன்னாள்.

"அப்பாயி, சுற்றாடல்ல 'நமக்கு உதவுவோர்' பாடம். தோட்டத்துல இருந்து ஆளுக்கு ஒருத்தரக் கூட்டிட்டு வரணுமாம். செவ்வாக்கிழம என்னோட முறை."

"எந்தச் சீல கட்டட்டும்?" என்றேன், வெற்றிலையை மென்றபடி.

"நீங்க இல்ல அப்பாயி. ஆயம்மா. கேட்டுட்டேன், வரேன்னுச்சு."

"ஏன், நான் ஒதவலையா? ஒங்க டீச்சர் குடிக்கிற தேத்தண்ணி வானத்துல இருந்தா கொட்டுச்சு?"

"ஆயம்மா கத சொல்லும். நீங்க ஏசுவீங்க."

பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாக்கண்ணு வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துதான் இவள் வீட்டுப்பாடம் செய்வாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. மகனைக் கொடுத்தேன், பேத்தியையுமா கொடுப்பது?

செவ்வாய்க்கிழமை விடியற்காலை பீலியில் தண்ணீர் பிடித்து வந்து ஒரு பொய் சொன்னேன். "ஆயம்மா மொத பஸ்ஸுல மக வீட்டுக்குக் கினிகத்தேனைக்குப் போயிருச்சு. என்னையப் போகச் சொல்லுச்சு." பிள்ளை முகம் சுருங்கியது. கீழ் லயத்துப் பாதையை விட்டு, மேல் பாதையால் அவளைக் கூட்டிப்போனேன்.

வகுப்பில் ஷாமிலா டீச்சர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுவதைக் காட்டினேன். கூடைக் கயிறு தலையில் அழுத்திய தடத்தையும் காட்டினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

"இது எங்கம்மாவும் செய்றாங்க" என்றான் ஒருவன்.

"எங்கம்மாவும்" என்று அரை வகுப்பு கத்தியது.

ரிஸ்னா மட்டும் கை தூக்கினாள். கடைக்காரர் பிள்ளை, தோட்டத்து நடப்புத் தெரியாது.

"பாட்டி, நீங்க மலைக்குப் போனா உங்க பேபிய யாரு பார்த்தது?"

"யாரோ பார்த்தாங்க."

"யாரோன்னா யாரு?"

லோஜினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"அம்மாக்கண்ணுன்னு ஒரு ஆயம்மா" என்றேன். ஆரம்பித்தால் நிற்கவில்லை. சோப்புப் போட்ட சீலைக் கதையையும் சொன்னேன். கொட்டாவி விட்ட பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தொட்டில் எப்படிக் கட்டுறது பாட்டி?"

எனக்குத் தெரியாது. மலைக்கு ஓடுகிற அவசரத்தில் நான் ஒரு நாளும் கட்டியதில்லை. எப்போதும் அவள்தான் கட்டினாள்.

"அடுத்த செவ்வாய்க்கு அந்த அம்மாவக் கூட்டிட்டு வர முடியுமாங்க?" என்று டீச்சர் கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

சாயந்தரம் லோஜினி கையைப் பிடித்து இழுக்க, கீழ் லயத்துக்குப் போனேன். அம்மாக்கண்ணு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கோயில் திருவிழாவுக்கு மட்டும் எடுக்கும் நீலச் சீலையைக் கட்டியிருந்தாள். காலையிலிருந்து அவிழ்க்கவில்லை போலிருக்கிறது. எண்ணெய் தேய்த்து வாரிய தலை கலையாமல் இருந்தது. லோஜினியோடு பள்ளிக்கூடம் போகக் கட்டியது.

"வா மீனா. நான் இப்பதான் கினிகத்தேனையில இருந்து வந்து எறங்குறேன்" என்றாள்.

என் பொய்யை மருமகள்தான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இதை எழுதும்போது அவள் தலை நிமிரவில்லை.

விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "அங்க மழையா அக்கா?" என்றேன்.

"நல்ல மழ. ஒன் மூஞ்சி மாதிரியே இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"அடுத்த செவ்வாக்கிழம நீ வரணுமாம். தொட்டில் கட்டிக் காட்டணுமாம்."

"என் பேர அங்க ஆரு சொன்னது?"



"அப்பாயிதான் சொன்னாங்க" என்றாள் லோஜினி.

அம்மாக்கண்ணு வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

"சரி. தொட்டிலுக்கு ஒன் சீலையக் குடு" என்றாள். "துவைக்காம குடு."

திங்கட்கிழமை பூராவும் உடுத்தியிருந்த சீலையை அப்படியே சுருட்டிக் கொடுத்தேன். மறுநாள் நானும் போனேன். எனக்கு அழைப்பு இல்லை. போனேன், அவ்வளவுதான்.

கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்தேன். டீச்சர் கொண்டுவந்த பொம்மையைக் கிடத்தி, ஜன்னல் கம்பிக்கும் கரும்பலகை ஆணிக்கும் நடுவே தொட்டில் கட்டினாள். பாடினாள். வாய் பிளந்து கேட்டார்கள் பிள்ளைகள். எனக்குத் தராத கைதட்டல் அவளுக்குக் கிடைத்தது. எரியத்தான் செய்தது.

"இது மீனாவோட சீல. இந்த வாசத்துலதான் லோஜினி அப்பன் தூங்குனான். நான் ஆட்டிவிட்டேன், அவ்வளவுதான்" என்றாள்.

ரிஸ்னா எழுந்துபோய்ச் சீலையில் மூக்கை வைத்தாள். பின்னால் ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள். கடைசியாக லோஜினி வந்தாள். முகம் புதைத்தவள் சீக்கிரம் எடுக்கவில்லை.

"அடுப்புப் பொகை, வெத்தல… இது அப்பாயி" என்றாள்.

அம்மாக்கண்ணு நன்றாகத்தான் பேசினாள், என்னை விட நன்றாக. மறுக்கவில்லை. மணி அடித்ததும் முன்னால் போய்த் தொட்டிலை நானே அவிழ்த்து, சீலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். சீலையைக் கேட்டு அவள் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.