மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

வளர்ந்தவர்களுக்கான மாற்றுப் பயிற்சித் திட்டங்களை அங்கீகரிப்பதா, திருப்பி அனுப்புவதா என்று பார்ப்பதுதான் ரொறொன்ரோவில் என் வேலை. பக்கத்து நகரமான பிறம்ரனில் தமிழில் நடக்கும், ஃபோர்க்லிஃப்ட் என்ற பாரந்தூக்கி வண்டியை ஓட்டும் ஒரு பயிற்சியை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தேன். அதில் எழுத்துப் பரீட்சையே இல்லை. 'ஆபத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தத் தெரிந்தவரே தேர்ச்சி பெற்றவர்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. 'இதை எப்படி அளப்பது?' என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்.

மூன்றாம் தடவை பயிற்றுநர் தொலைபேசியில் பேசினார். "ஒருக்கா வந்து பாருங்கோ. பிறகு வேண்டாமெண்டு எழுதுங்கோ."

போனேன். பயிற்சி நடந்த சரக்குக் கிடங்குக்குள் படிவத்தில் குறிப்பெழுதிக்கொண்டே நடந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய பயிலுநர் ஒருவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தினார்.

"தங்கச்சி, கோட்டுக்கு வெளியில நில்லுங்கோ."

குனிந்து பார்த்தேன். தரையிலிருந்த மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, வண்டி வரும் பாதையில் நின்றிருந்தேன். அந்தக் கோட்டைப் பற்றித் திட்டத்தின் நாலாம் பக்கத்தில் வாசித்திருந்தேன். எழுத்துப் பரீட்சை வைத்திருந்தால் எனக்கு முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லை. முதல் நாள் நானும் அதிலதான் நிண்டனான்," என்றுவிட்டு அவர் மறுபடி பின்னால் பார்த்தார்.

அடுத்த நாள் அங்கீகாரப் படிவத்தை நிரப்பினேன். 'மதிப்பீட்டுக்கான சான்று' என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. கடைசியில் நடந்ததையே எழுதிக் கையெழுத்து வைத்தேன்: பயிலுநர் வண்டியை நிறுத்தினார். பாதையில் நின்றவர் மதிப்பீட்டாளர்.