பொட்டாசியத்தின் எழுத்து

பச்சைப் பலகையில் எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர் பொட்டாசியத்துக்கு P என்று எழுதிய அந்தப் பகல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பொட்டாசியத்தின் குறியீடு K; P பாஸ்பரஸுக்கு உரியது. பக்கத்து வகுப்பில் கணக்குத் தேர்வு வைத்துவிட்டு நான் வராந்தாவில் நின்றிருந்தேன். "மிஸ், K" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தபடியே அதை அழித்தார். அழித்த இடத்தில் மறுபடியும் P என்றே எழுதினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நாகல் நகர்ப் பக்கம் இருந்த எங்கள் பள்ளியில் நான் சேர்வதற்கு முன்பிருந்தே அவர் இருந்தார். தனிம அட்டவணையைக் கண்டு மிரளும் பிள்ளைகளிடம், "வீட்ல கூப்பிடுற பேரு ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு இருக்குல்ல? சோடியத்துக்கும் அப்படித்தான். கார்டுல Na" என்பார். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகள் மறந்ததில்லை. கன்னிவாடியிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். பஸ் ஸ்டாண்டில் நான் சேர்ந்துகொள்ள, இருவரும் ஒரே ஆட்டோவில் பள்ளிக்குப் போவோம். தோட்டத்துக் கத்தரிக்காயை எனக்கென்று பையில் போட்டுக்கொண்டு வருவார். வெஞ்சனத்துக்கு நான் காய் வாங்கியதே குறைவு.

அன்று மாலை ஆட்டோவில், தூக்கமில்லையா என்று கேட்டேன். "தூக்கமெல்லாம் நல்லா வருது. ஒவ்வொண்ணாப் போகுது டீச்சர். போறது எனக்கே தெரியுது. பிடிச்சு நிறுத்தத்தான் ஏலல" என்றார். வெளியே கடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஓய்வு நேரங்களில் ஆய்வகச் சுவரில் தொங்கும் அட்டவணை முன்னால் போய் நிற்பார். கட்டம் கட்டமாக விரலை வைத்து, உதடு மட்டும் அசைய, தேர்வுக்கு முந்தைய நாள் மாணவிபோலப் படிப்பார். வகுப்புக்குள் நுழைந்ததும் பாதி போயிருக்கும். பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். செய்முறைத் தேர்வு நெருங்கியபோது, அமிலம் புழங்குகிற இடம் என்று நிர்வாகம் ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டது. அடுத்த வாரமே, ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மதுரையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் மறதி நோய் என்றார். டீச்சருக்கு ஐம்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கூட்டிப்போக வந்த கணவர் வாசலிலேயே நின்றார். கெமிஸ்ட்ரி டீச்சர் எங்கள் ஒவ்வொருவரிடமும் "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வரப்போகிறவர்போலத்தான் நடந்து போனார்.

போன மாதம் கன்னிவாடிக்குப் போனேன். அவர் கணவர் களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். "காலைல சேலையக் கட்டிக்கிட்டு கெளம்பி நிக்கிறா. வண்டியில வச்சு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட்டிப் போறேன். செத்த நேரம் நிப்போம். இன்னைக்கு லீவாம்னு சொல்லிக் கூட்டியாந்துருவேன். நாளைக்கும் அப்படித்தான்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த தேங்காயை எடுத்தார்.

உள்ளே கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலையில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்கவும் தெரிந்திருந்தது. மரியாதையாக, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். கணக்கு டீச்சர் என்று சொல்லி, பள்ளியின் பேரையும் சொன்னேன். முகம் சட்டென்று மலர்ந்தது. தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கணவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"அங்க கெமிஸ்ட்ரிக்கு ஆள் எடுக்குறாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

அவர் இடத்துக்கு ஜூனிலேயே ஓர் இளம்பெண் வந்துவிட்டாள். நன்றாகத்தான் நடத்துகிறாள்.

"கேட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றேன்.