ஆடியில் எடுக்காத கருமுட்டை

கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மகாபலிபுரத்து ஓட்டல் ஒன்றில் வரவேற்பில் நின்று, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இந்த மருந்து சூல்பையைக் கெடுத்துடலாம். குழந்தை வேணும்னா முன்னாடியே கருமுட்டையை எடுத்து உறைய வெச்சிடலாம். ரெண்டு வாரம் போதும். ஆனா உடனே தொடங்கணும்."

எனக்குக் குழந்தை வேண்டும். வெட்கப்படாமல் அங்கேயே சொன்னேன்.

கருங்குழிக்கு வந்ததும் அம்மா காலண்டரைப் பார்த்தாள். ஆடி அப்போதுதான் பிறந்திருந்தது.

"ஆடில எடுக்கக் கூடாது. ஆடில தரிச்சா சித்திரைல பொறக்கும், குடும்பத்துக்கு ஆவாது. புதுசா கட்டிக் குடுத்த பொண்ணையே இதுக்குத்தான வூட்டுக்கு இட்டாந்துடறோம்?"

"ஐஸ்ல வெக்கிற முட்டைக்கு இன்னாம்மா ஆடி, சித்திரை?"

"உனுக்கு எல்லாம் கிண்டலா கீது. பொறக்கப்போற புள்ள சமாச்சாரம்டி. ஆவணி பொறந்த அன்னிக்கே போலாம்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. கத்திப் பார்த்தேன். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் எடுக்காத முட்டையைப் பேரப்பிள்ளை என்றே நினைத்துப் பேசுகிறவளிடம் எவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்பது? எனக்காக அம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். வெயிலில் நின்று தெருவுக்கே ஊற்றினாள்.

ஆடி முடியவில்லை. அதற்குள் கட்டி நெஞ்சுக்குள்ளும் வளர்ந்திருந்தது. ஒரு காலையில் படியேற முடியாமல் மூச்சு திணறியது. செங்கல்பட்டுக்கு ஓடினோம். இனிமேல் காத்திருக்க முடியாது, முதலில் உயிர் என்று சொல்லி அன்றே மருந்தை ஏற்றினார்கள். கருமுட்டை எடுக்கவே இல்லை.

பிழைத்தேன். முடி வளர்ந்தது. மாதவிலக்கு மட்டும் திரும்பவில்லை. காத்திருந்து பரிசோதித்த டாக்டரம்மா, சூல்பை ஓய்ந்துவிட்டது, இனி எடுக்க ஒன்றுமில்லை என்றார்.

அம்மாவைக் கேட்க எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தேன். வெளியே போனதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அவள் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அறுபதைத் தாண்டியவள். தன் உடம்பைப் பற்றி எந்த டாக்டரிடமும் வாய் திறந்ததில்லை.

"எங்கிட்டருந்து எடுத்து அவளுக்கு வெக்க முடியுமா டாக்டரம்மா? இன்னிக்கே எடுத்துக்கங்க. நாளு, மாசம் எதுவும் பாக்க மாட்டேன்."

"இந்த வயசுல உங்களுக்கும் இருக்காதும்மா" என்றார் அவர், மெதுவாக.

அம்மா தலையாட்டினாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தேன்.