எடுக்க மறந்த எஃப் ஃபைவ்

என்னால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். குற்றாலத்தில் லாட்ஜுகளுக்கு வெப்சைட் செய்து பிழைத்துக்கொண்டிருந்த எனக்குச் சீசன் வந்தாலே எரிச்சல்தான். சாரல் விழும், கூட்டம் குவியும், நெட் படுத்துவிடும். "என்ன தம்பி, செஞ்சு குடுத்திய, தொறக்கவே மாட்டேங்குது?" என்று ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜிலிருந்து போன் வரும். நெட்டுக்கு நான் என்ன செய்ய?

அந்த நேரத்தில்தான் தென்காசியிலிருந்து ஓர் அண்ணாச்சி கூப்பிட்டார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். காவலர் தேர்வுக்குப் பயிற்சி நிலையம் நடத்துகிறார். நெட் இல்லாமலே கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரித் தேர்வு ஒன்று வேண்டும் என்றார். அதில் முதல் இரண்டு இடம் பிடிக்கும் பெண்களுக்குத் தங்கும் இடமும் பயிற்சியும் இலவசம்.

எனக்கு வெப்சைட்தான் தெரியும். ஆனால் வெப்சைட் எழுதுகிற அதே எச்.டி.எம்.எல்., அதே ஜாவாஸ்கிரிப்ட்டை வைத்து டெஸ்க்டாப் மென்பொருளும் செய்யலாம். வெளியிலிருந்து பார்த்தால் தனி ஜன்னல், உள்ளே உட்கார்ந்திருப்பது ஒரு பிரவுசர். அட, இவ்வளவுதானா என்று குதித்தேன். பத்தே நாளில் முடித்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூடித் திறக்கப் பொறுமை இல்லை. கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கிற எஃப் ஃபைவை அமுக்கினால் பக்கம் புதிதாகத் திறக்கும்படி ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டேன். கொடுப்பதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். மறந்தேன்.

தேர்வன்று காலை இருபது பெண்கள் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி, "ம், ஆரம்பிங்க" என்றார். இருபது பேரும் ஒரே நேரத்தில் எஃப் ஃபைவை மூன்று தடவை தட்டினார்கள்.

நம் ஊர்க் கம்ப்யூட்டர் வகுப்புகளில் முதல் பாடமே அதுதான். எஃப் ஃபைவைத் தட்டுவதற்கு ரெஃப்ரெஷ் என்று பேர். தொடங்குமுன் ரெஃப்ரெஷ், முடித்தபின் ரெஃப்ரெஷ், திணறினால் ரெஃப்ரெஷ். அப்படிச் செய்தால் மெஷின் வேகமாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை. திரைகள் ஒருமுறை மின்னி, முதல் கேள்விக்கே வந்து நின்றன. இன்னும் யாரும் எதுவும் எழுதவில்லை, அதனால் எதுவும் போகவில்லை. ஆனால் விடைகள் கடைசியில் 'சமர்ப்பி' என்பதை அமுக்கினால்தான் சேமிப்பாகும். நடுவில் எவளாவது தட்டினால் அவ்வளவும் போச்சு.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் சரிசெய்கிற வேலை. ஆனால் அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றிருந்தார். மறுபடி தட்ட மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரமும் வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். எந்த முகத்தையும் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்தேன். ஒரு விரல் மேல் வரிசைப் பக்கம் போனாலே என் நடை நின்றது.

தேர்வு முடிய எட்டு நிமிடம் இருக்கையில், திருவேங்கடத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பெண் எல்லாக் கேள்விக்கும் விடை போட்டு முடித்தாள். அவளுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. காசு கட்டிப் படிக்க வழியில்லை என்று அண்ணாச்சியே காலையில் சொல்லியிருந்தார். சமர்ப்பிக்கும் முன், வகுப்பில் கற்றுக்கொடுத்தபடியே, எஃப் ஃபைவைத் தட்டினாள்.

"சார், எல்லாம் போயிட்டு சார்!"

அண்ணாச்சி ஓடிவந்தார். "என்னத்தப் பிள்ள அமுக்குன?"

"ரெஃப்ரெஷ்தான் சார் குடுத்தேன்."

"ரெஃப்ரெஷ் குடுத்தா போயிருமா? எல்லா கம்ப்யூட்டர் கிளாஸ்லயும் சொல்லிக் குடுக்கதுதான அது? வேற எதையோ அமுக்கியிருக்க." என் பக்கம் திரும்பினார். "அப்படித்தான தம்பி?"

"தெரியல அண்ணாச்சி, பாக்கணும்" என்றேன். நாக்கூசாமல் சொன்னேன்.

"நாந்தான் வேற எதையோ அமுக்கிட்டேன் போல சார்" என்று அவளே ஒத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கால்வாசிக் கேள்விக்கு மறுபடி விடை போட்டாள். பட்டியலில் அவள் பெயர் வரவில்லை.

அன்று மாலையே அந்த ஒரு வரியை எடுத்தேன். ஒவ்வொரு விடையும் உடனுக்குடன் சேமிப்பாகும்படியும் செய்தேன். இனி யாருக்கும் போகாது. ஆனாலும் சோறு இறங்கவில்லை. அருவியில் போய் நின்றேன், தலை நனைந்ததே தவிர மனசு அடங்கவில்லை. பத்து நாள் கழித்து அண்ணாச்சியிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"ஜெயிச்ச ரெண்டு பிள்ளையளும் வந்து தங்கியாச்சு. இப்பப் போய்ச் சொன்னா சென்டர் பேருல்லா கெட்டுப்போகும்? விடுங்க தம்பி."

விட முடியவில்லை. மறுநாளே திருவேங்கடத்துக்குப் பஸ் ஏறினேன். விசாரித்ததில், அவள் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருந்தாள். துணியை மடித்துக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். நான் முடித்ததும், "அப்ப நான் தப்பா எதையும் அமுக்கலையா?" என்றாள்.

"இல்லம்மா. தப்பு என்னோடதுதான். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றிருந்தது. அவள் தன் போனை எடுத்து ஒரு எண்ணைப் போட்டு என் கையில் வைத்தாள்.

"எங்க அய்யாவுக்குப் போட்டிருக்கேன். ஒரு மெஷின அமுக்கத் தெரியாதவளுக்குப் போலீஸ் வேலையான்னு அன்னையிலேருந்து ஏசுதாவ. இப்ப சொன்னத அப்படியே அவியட்டச் சொல்லுங்க."

மணி இரண்டு தரம் அடித்தது. "அலோ, யாரு?" என்றது அவள் அப்பாவின் குரல்.

"அந்தப் பரீட்சைக்கு மென்பொருள் செஞ்சவன் பேசுதேன்" என்று தொடங்கினேன்.