குளவி கேட்ட மரம்

"மேடம், ஒங்க பால்கனியில வெயில் எத்தினி மணிக்கு விழும்?" என்று கேட்டுக்கொண்டே ஜூலியா ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேலே இறுக்குகிறார். சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்குமோ என்ற கவலையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்குக் கேள்வி சட்டென்று விளங்குவதில்லை. விளங்கி, பால்கனிப் பக்கம் திரும்பி, "காலையில கொஞ்ச நேரம் வரும், அப்புறம் எதிர் கட்டடம் மறைச்சிடும்" என்று சொல்லி முடிப்பதற்குள் குப்பியில் ரத்தம் நிறைந்திருக்கும். "அப்பிடீன்னா பிரௌன் டர்க்கிதான் ஒங்களுக்கு. பெயின்ட் பக்கெட்டுலயே காய்க்கும். அடுத்த தடவ வரும்போது குச்சி கொண்டாறேன்." ரத்தம் கொடுத்தவர் முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, ஊசி குத்தியதையே மறந்து போய்க் கதவு வரைக்கும் வந்து, என்ன மரம் என்று விசாரிப்பார். அஞ்சூரம் என்று பெங்களூரில் எல்லோரும் சொல்கிற சீமை அத்தி.

பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது ஜூலியாவின் வேலை. விடிந்ததும் ஜோகுபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினால் அல்சூர், இந்திரா நகர், காக்ஸ் டவுன் என்று ஒரு சுற்று. சீட்டுக்கு அடியில் ரத்தக் குப்பிகள் வைத்த ஐஸ் பெட்டி இருக்கும். கால் வைக்கும் இடத்தில் ஈரச் சாக்கில் சுற்றிய அத்திக் குச்சிகள் இருக்கும். "ஒரு நாளைக்கு லேபுல குச்சியக் குடுத்துட்டு, ரத்தத்தக் கொண்டாந்து பக்கெட்டுல ஊத்தப் போற" என்பார் கணவர் ஓஸ்வால்ட். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதி அடுக்குமாடி லிஃப்டுகளின் முனகல் அவருக்கு அத்துப்படி. பெண்டாட்டியின் பேச்சு மட்டும் பல நாள் புரியாது.

எந்த வீட்டுக்கு எந்த அத்தி என்பதில் ஜூலியா மகா பிடிவாதக்காரர். குயிலும் அணிலும் ஓயாமல் வந்து போகிற வீட்டுக்கு, பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும் கொனாட்ரியா. பறவை அதைக் காயென்று நினைத்துப் போய்விடும். ஜாம் செய்து அடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு டயானா; பழம் பெரிசு, ஆனால் மழை பட்டால் வெடிக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்துவிடுவார். தரையில் மண்ணும் தாராளமாக வெயிலும் இருந்தால் புனா. ஒருமுறை ஐ.டி. கம்பெனித் தம்பதி ஒன்று செல்போனில் பச்சையும் மஞ்சளுமாக வரி போட்ட ஏதோ வெளிநாட்டு அத்தியைக் காட்டி, அதுதான் வேண்டும் என்று நின்றது. "இது போட்டோவுக்கு நல்லா இருக்கும். நீங்க மொதல்ல ஒங்க வீட்டப் பாருங்க, அப்புறம் மரத்தப் பாக்கலாம்" என்று சொல்லி பிரௌன் டர்க்கியையே கையில் திணித்துவிட்டு வந்தார். இப்போது அந்த வீட்டுக்காரர்கள் வாட்ஸப்பில் வாரம் ஒரு பழத்தின் படம் அனுப்புகிறார்கள்.

ஓஸ்வால்ட் வாய் பிளந்து பார்ப்பது ஜூலியாவின் விரல்களைத்தான். அத்தி பழுத்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்களை ஜூலியா மதிப்பதில்லை. காம்பை ஒட்டிய கழுத்தில் இரண்டு விரல் வைப்பார், அவ்வளவுதான். தடித்த கைகளில் ஒளிந்திருக்கும் நரம்பைத் தேடுகிற அதே தொடல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஓஸ்வால்ட் விளையாட்டாக ஜூலியாவின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, அத்தி வளர்கிற மொட்டைமாடியில் பக்கெட் பக்கெட்டாகக் கூட்டிக்கொண்டு போனார். "இது நாளைக்கு. இது நாளன்னிக்கு. இத இப்பவே பறிங்க, குயிலு பாத்துக்கினே இருக்குது." கைக்குட்டையை அவிழ்த்தபோது எதிர்வீட்டு ஆன்டெனாவில் நிஜமாகவே குயில் உட்கார்ந்திருந்தது. ஓஸ்வால்டுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதன்பிறகு அந்த விளையாட்டுக்கு அவர் போகவில்லை.

இத்தனை விவரம் தெரிந்த ஜூலியா தன் சொந்த வீட்டுக்கு மரம் தேர்ந்தெடுத்ததில்தான் கோட்டை விட்டார்.

அவர்கள் வீட்டில் மண் என்று இருப்பது காம்பவுண்டு சுவருக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத் துண்டு. மற்றதெல்லாம் சிமென்ட். அந்த மண்ணில் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், காக்ஸ் டவுனில் ரத்தம் கொடுத்த சுப்புலக்ஷ்மி அம்மாள், கப்பலில் வேலை பார்க்கும் தம்பி துருக்கியிலிருந்து கொண்டுவந்ததென்று ஒரு உலர்ந்த அத்திப்பழம் கொடுத்தார். ஜூலியா அதை மாடிப்படி இறங்கும்போது வாயில் போட்டார். பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெல்ல மெல்ல விதைகள் நறுக் நறுக்கென்று உடைந்து, வறுத்த முந்திரியும் தேனும் சேர்ந்த மாதிரி ஒரு ருசி. தன் வாழ்நாளில் தின்ற அத்தியெல்லாம் இதன் நிழல்தான் என்று தோன்றிவிட்டது. மறுபடி மேலே ஏறிப்போய், அந்த மரத்தில் ஒரு குச்சி கிடைக்குமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டார். அடுத்த பயணத்தில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு குச்சி வந்து சேர்ந்தது. பெயர் ஸ்மிர்னா. வீட்டையும் பார்க்கவில்லை, வெயிலையும் பார்க்கவில்லை. இருந்த ஒரே மண்ணை அதற்குக் கொடுத்துவிட்டார்.

மரம் மதமதவென்று வளர்ந்தது. காயும் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு காய்ப்பிலும் காய்கள் கோலிக்குண்டு அளவுக்கு வந்ததும் சுருங்கிப் பொலபொலவென்று கொட்டிவிடும். மீன் கழுவிய தண்ணீர், முட்டைத் தோல், சாம்பல் என்று ஜூலியா ஊற்றாததில்லை, போடாததில்லை. வேரில் பூச்சியோ என்று தோண்டிப் பார்த்தார். கடைசியில் திட்டவும் ஆரம்பித்தார். "தின்னுறது மட்டும் நல்லா தின்னு. ஒரு பழம் குடுக்க வக்கில்ல" என்று காலையில் மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஸ்கூட்டரைக் கிளப்புவார். வருஷங்கள் இப்படியே போயின.

இதற்கிடையில் ஓஸ்வால்டின் அப்பா மாடிப்படியில் விழுந்தார். கீழ் அறையில் இருப்பவர் அவர், கழிவறையோ மேலேதான். எலும்பு முறியவில்லை என்றாலும் முழங்கால் பழையபடி மடங்கவில்லை. கீழேயே ஒரு கழிவறை கட்டியாக வேண்டும். கட்ட இடம் என்று இருப்பது அந்த மண்துண்டு ஒன்றுதான். "காய்க்காத மரத்துக்கு வூட்டுல எடம் இருக்குது. எனக்குத்தான் இல்ல" என்று பெரியவர் ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஓஸ்வால்டுக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் பெண்டாட்டி. வாயைத் திறக்கவே பயந்தார். ஜூலியாதான் முடித்துவைத்தார்.

"மாமா கேக்குறது நியாயம்தான். வெட்டிரலாம். மேஸ்திரியும் மழை முடிஞ்சுதான வருவாரு? அதுக்குள்ள இந்தக் காய்ப்பு மட்டும் எனக்கு வுடுங்க. பழுத்தாலும் வெட்டுவேன், பழுக்காட்டியும் வெட்டுவேன். ஒரே ஒரு தடவ தின்னுப் பாத்துட்டு வெட்டணும்."

அந்த வாரம் அல்சூரில் வித்யாலட்சுமி மேடத்துக்கு ரத்தம் எடுக்கப் போனார். பூச்சி ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழக்கமான வெயில் விசாரணையில் தொடங்கி, பேச்சு ஸ்மிர்னாவில் வந்து நின்றது. மேடம் கையில் குத்திய ஊசியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தியின் பூ காய்க்கு உள்ளேயே பூக்கிறது. ஜூலியா கொடுக்கிற மற்ற ஜாதிகள் மகரந்தம் இல்லாமலே பழுத்துவிடும். ஸ்மிர்னா அப்படியில்லை. கடுகைவிடச் சின்னக் குளவி ஒன்று ஆண் அத்தியிலிருந்து மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வந்து, காயின் நுனியிலுள்ள கண்ணுக்குள் இறக்கை பிய்ந்து போகும்படி நுழைய வேண்டும். "அந்தக் குளவி இந்த ஊர்ல இல்ல ஜூலியா. நீங்க என்ன போட்டாலும் அது பழுக்காது" என்றார் மேடம்.

ஜூலியா வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மரத்தின் முன்னால் நின்றார். ஓஸ்வால்ட் பக்கத்தில் வந்ததும், "அது மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்றார். "ஒவ்வொரு காயும் கண்ணத் தொறந்து வச்சிக்கினு ஆளுக்காகக் காத்துக்கினு இருந்துருக்குது. நான் அதப் போய் சும்னே திட்டிக்கினு இருந்தேன்." மரத்துக்காக ஒருவர் அழுவதை ஓஸ்வால்ட் அன்றுதான் பார்த்தார். கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

வழி காட்டியதும் மேடம் வீடுதான். அவர் வீட்டுச் சமையல்காரர் வடக்கே இமயமலையில் கட்வால் பக்கத்துக்காரர். அங்கே காட்டில் சும்மா வளரும் பேடு என்கிற மலை அத்தி சீமை அத்திக்கு நெருங்கிய சொந்தம் என்று மேடத்துக்குத் தெரியும். விடுமுறையில் ஊருக்குப் போனவரிடம், ஆண் மரத்துக் காய்களைக் காகிதத்தில் உலர்த்தி, பூச்சி எதுவும் ஒட்டாமல் சலித்து, பொடியை மட்டும் கொண்டுவரச் சொன்னார். திரும்பி வந்தபோது ஒரு சின்ன மருந்துக் குப்பியின் அடியில் மஞ்சள்தூள் மாதிரிக் கொஞ்சம் இருந்தது. ஜூலியா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மருந்துக்கடையில் புது சிரிஞ்ச் வாங்கி வந்தார் ஓஸ்வால்ட். பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட ஜூலியா, காயின் முன்னால் நின்று தயங்கினார். "ரத்தம் எடுத்துதாங்க எனக்குப் பழக்கம். இத்தினி வருஷத்துல யாருக்கும் ஊசி மருந்து போட்டதே இல்ல." பிறகு பச்சைக் காயை இரண்டு விரலில் தாங்கி, காற்று வெளியேறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு துளை குத்தி, கண்ணுக்குள் ஊசி நுனியை விட்டு ஒரு சொட்டு இறக்கினார். அடுத்த காய். அதற்கடுத்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஓஸ்வால்ட் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். இல்லாத ஒரு குளவியின் வேலையைத் தன் பெண்டாட்டி செய்துகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு அவரை என்னவோ செய்தது. கோயில் பூசையில் சாமியார் அப்பம் உயர்த்தும்போது வருகிற அமைதி, கழிவறை வரப்போகிற அந்த மூலையில் இருந்தது என்று பிறகு சொன்னார்.

"மரத்துக்கும் சுகரா?" என்று ஜன்னலிலிருந்து பெரியவர் கேட்டார்.

ஊசி எட்டாத உச்சிக் காய்கள் வழக்கம்போலக் கொட்டின. போட்ட காய்களிலும் பாதி கொட்டியது. மீதி நின்றது. பிடிவாதமாக நின்றது. மழைக்கு ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை கட்டினார் ஜூலியா. மேஸ்திரி வருவதாகச் சொல்லியிருந்த வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, முதல் காய் கழுத்தைத் தொங்கப் போட்டது. கண்ணில் ஒரு சொட்டுத் தேன் திரண்டிருந்தது. ஜூலியா தொட்டுப் பார்த்தார். அப்போதே பறித்தார்.

சமையலறையில் மூன்று பேரும் நின்றார்கள். பழத்தைப் பிளந்தபோது உள்ளே பொன்னிறம், நெருக்கமாக விதைகள். முதல் துண்டு மாமனாருக்குப் போயிற்று. விதை உடைகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெரியவர் மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார். கையை நீட்டி இன்னொரு துண்டு கேட்டார். ஓஸ்வால்ட் தன் வாயில் போட்டதும் இதற்காகவா இத்தனை வருஷம் என்று கேட்க நினைத்திருந்தது மறந்துபோய், இதற்காக இன்னும் எத்தனை வருஷமும் காத்திருக்கலாம் என்று தோன்றியது. ஜூலியா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு தின்றார். "இதேதான்" என்றார். "அன்னிக்கு படியில உக்காந்தேனே, இதேதான்."

மேஸ்திரி வந்த காலையில் மண்வெட்டி, கடப்பாரையெல்லாம் சுவரோரம் சாய்ந்திருந்தன. மனம் மாறியிருந்தது ஜூலியாவுக்கு இல்லை, ஓஸ்வால்டுக்குத்தான். "வேற வழி பாக்கலாம் ஜூலியா" என்று இழுத்தார். பிறகு, "ஒரு குச்சியாச்சும் எடுத்து பக்கெட்டுல வையி."

"பக்கெட்டுல வச்சா குளவி வந்துருமா? வருஷா வருஷம் ஒருத்தர மலைக்கு அனுப்ப முடியுமா? அது பாட்டுக்குக் கண்ணத் தொறந்து வச்சிக்கினு நிக்கும். திரும்ப அந்தப் பாவத்த நான் கட்டிக்க மாட்டேன்." ஜூலியா கையுறை மாட்டிக்கொண்டார். "இந்த வூட்டுக்கு ஆன மரம் இல்லீங்க அது. மாமாவுக்கு வாக்குக் குடுத்துருக்கேன். தள்ளுங்க."

ரம்பத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. கிளைகளைப் பக்குவமாக இறக்கிவிட்டு, அடிமரத்தைத் தரையோடு தானே அறுத்தார். மரம் சாய்ந்ததும் வெட்டுவாயிலிருந்து வெள்ளைப் பால் பொங்கி வழிந்தது. மேஸ்திரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஜூலியா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். வேலைப் பையைத் திறந்து ஒரு கைப்பிடிப் பஞ்சு எடுத்து, மண்டிபோட்டு, பால் வழிகிற வெட்டின்மேல் வைத்தார். ஓஸ்வால்டின் கையை இழுத்து அதன்மேல் பதித்தார்.

"அஞ்சு நிமிஷம் அழுத்திப் புடிங்க" என்றார். "தேய்க்காதீங்க."