கூப்பிட்டால் கேட்கும் பாட்டு

எனக்கு வெட்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. நாற்பதைத் தாண்டிய பிறகும் ஒரு பாடகருக்கு ரசிகை என்று சொல்லிக்கொண்டு, அவர் படம் போட்ட சட்டையோடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் நடந்தவள் நான். அந்த நாட்களில் என் கணவர் யாரோ போலச் சற்றுத் தள்ளித்தான் நடப்பார். அப்படிப்பட்ட எனக்குப் போன கிறிஸ்மஸ் அன்று வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் திரும்பி வருகிறது.

பாட்டிலிருந்தே சொல்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் பாடகர் உள்ளூர்க் கலைஞர்களைத் திரட்டி ஒரு கிறிஸ்மஸ் பாட்டு வெளியிட்டார். வானொலி அறிவிப்பாளர்கள், நாடக நடிகைகள், நகைச்சுவைக்காரர்கள் என்று ஆளுக்கு ஒரு வரி பாடினார்கள். வருமானம் எல்லாம் கிள்ளானில் இருக்கும் ஒரு பிள்ளைகள் விடுதிக்கு என்றார்கள். பாடியவர்களில் பலர் இந்துக்கள், எழுதியவரும் இந்து, கேட்டு உருகிய நாங்களும் பெரும்பாலும் இந்துக்கள். ஆனால் தலையில் சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு கண்கலங்குவதில் எந்தக் கிறிஸ்தவருக்கும் நாங்கள் சளைக்கவில்லை. பல்லவி இப்படி வரும்:

பாவப் பிள்ளை, பாவப் பிள்ளை,
பக்கத்தில் ஒரு தாய் இல்லை.

அந்த இடத்தில் வீடியோவில் ஒரு சிறுமியின் முகம் வரும். கையில் மெழுகுவர்த்தி, இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு, கன்னத்தில் கீழே விழாமல் நிற்கும் ஒரு சொட்டுக் கண்ணீர். அதைப் பார்த்து நான் அழாத டிசம்பர் கிடையாது. அழுது முடித்ததும் மனசு லேசாக இருக்கும். ஏதோ அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்துவிட்டது போல.

பாட்டு வந்த வாரமே அதை என் காலர் ரிங்டோனாக வைத்தேன். என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு, நான் எடுக்கும்வரை, மணிச் சத்தத்துக்குப் பதிலாக அந்தப் பல்லவி கேட்கும். எனக்குக் கேட்காது. “உன்னைக் கூப்பிட்டாலே அழுகையா வருது லா” என்று சொந்தக்காரர்கள் திட்டுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். பிறகு எல்லாரும் வாட்ஸ்அப்பில் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் இந்தப் பாட்டெல்லாம் வராது. திட்டுவதற்கும் ஆளில்லாமல், அப்படி ஒன்று வைத்திருப்பதையே நான் மறந்துபோனேன்.

போன ஆண்டு எங்கள் ரசிகர் குழுவில் ஒரு யோசனை பிறந்தது. அந்தப் பாட்டைப் பற்றிய நினைவுகளை ஆளுக்கொரு குரல் பதிவாக அனுப்ப வேண்டும். அவற்றைக் கோத்து ஒரு வீடியோ செய்து பாடகருக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும். கோக்கிற வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன விழுந்தது, நானே தலையைக் கொண்டுபோய் நீட்டினேன்.

பதிவுகள் வந்து குவிந்தன. செமினியில் இருக்கும் ஒருவர், பெண் பார்க்கப் போன வீட்டில் அந்தப் பாட்டு ஓடியதாம், அதற்காகவே சரி என்று சொன்னாராம். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிற ஒருவர் வரிசையில் நின்றபடி அழுததைச் சொல்லிவிட்டு, பதிவிலும் ஒருமுறை அழுதார். ஓர் ஆன்டி அதைப் பேரனுக்குத் தாலாட்டாகப் பாடினாராம். என் பங்குக்கு நான், ஃபெடரல் ஹைவே நெரிசலில் கண்ணீர் மறைத்து முன்னால் போன கார் தெரியாமல் போனதைச் சொன்னேன். எல்லாமே எங்களைப் பற்றித்தான். அந்த விடுதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் பேன்ட்ரியில் உட்கார்ந்து, அந்தச் சிறுமியின் முகத்தை ஃபோனில் நிறுத்திவைத்து, எந்தக் குரலை அதன்மேல் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள். தட்டை விட்டுக் கையெடுத்து, மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, அது நான்தான்.”

நிமிர்ந்து பார்த்தேன். புருவத்தில் அதே தழும்பு. அவள் என்னிடம் மட்டும், என் காதுக்கு மட்டும் சொன்னாள். நான் என்ன செய்தேன்? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

“ஏய், எல்லாரும் இங்க வாங்க லா! நம்ம பாவப் பிள்ளை! இவதான் லா அந்தப் பாட்டுல வர்ற பாவப் பிள்ளை!”

சும்மா இருப்பார்களா? வந்தார்கள். தோளைத் தொட்டார்கள், செல்ஃபி எடுத்தார்கள், ஒருத்தி அவள் தலையைக்கூடத் தடவினாள். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். சோறு அப்படியே காய்ந்தது.

மாலையில் அவளை ரயில் நிலையத்தில் இறக்கிவிடுகிறேன் என்று காரில் ஏற்றிக்கொண்டேன். எனக்கு இன்னும் ஆவேசம் அடங்கவில்லை. ஒரு குரல் பதிவு கொடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அக்கா, எனக்கு அம்மா இருக்காங்க.”

கேரி தீவில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிற அம்மா. நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும் என்று மகளைக் கிள்ளான் விடுதியில் விட்டிருக்கிறார். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி, சோறு கட்டிக்கொண்டு வந்து பார்ப்பாராம். பாட்டுக்குப் படம் எடுக்க வந்தவர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐஸ்கிரீம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா இல்லை என்று நினைத்துக்கொள், அழுகை வரும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

“நெனச்சேன், வந்துருச்சு. அந்த ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சோம் கா. அப்புறம் டிவியில பாட்டு வந்துச்சு.”

“தாய் இல்லைன்னு வருமே, அதனால கோவிச்சுக்கிட்டாங்களா?”

“அதைக்கூட விட்டுட்டாங்க. பாவப் பிள்ளைன்னு வருதே, அதுதான் கா. எங்கப்பா தாலி கட்டுறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் சாப்பல்ல ஆராதனைக்கு வர்றவங்க யாரும் வாய் விட்டுச் சொன்னதில்ல. பாட்டு வந்ததும், பாவத்துல பொறந்த பிள்ளைன்னு ஊரே பாடுதுன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஐயோ, அது அந்தப் பாவம் இல்லம்மா! ஐயோ பாவம்னு சொல்றோமே, அந்தப் பாவம் லா!”

“பேசுறப்ப எங்களுக்கும் அதே அர்த்தம்தான் கா. ஆனா கிறிஸ்மஸ் பாட்டுல பாவம்னு வந்தா சர்ச்சுக்குப் போற எங்களுக்கு வேற என்ன?”

அவள் சண்டை போடவில்லை. கேட்டாள், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகள் வாய்விட்டுப் பாடிய வரி எனக்கு முதல்முறையாக அவர்கள் காதோடு கேட்டது. மதியம் அவளை எல்லார் முன்னாலும் எந்தப் பெயரால் கூப்பிட்டேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள்.

குழுவில் அன்றே எழுதினேன். அந்த முகத்தை வீடியோவில் வைக்க வேண்டாம், அவளுக்கு அம்மா இருக்கிறார், அந்த வரி அவர்களை நோகடித்திருக்கிறது என்று. வரிசையாக அழுகிற முகங்கள் வந்தன. “பாவம் லா” என்று எழுதினார்கள். இருவரையும் மேடைக்குக் கூட்டிவர முடியுமா, பாடகர் கையால் ஒரு பொன்னாடை போடலாமே என்று ஒருவர் கேட்டார். அவர்கள்மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் வந்தது. வேலையை வேறொருவரிடம் தள்ளிவிட்டு விலகிக்கொண்டேன்.

அதன்பிறகு தினமும் மாலையில் அவளை நானே ரயிலடியில் இறக்கிவிட்டேன். டிசம்பரில் அந்தப் பெண் என்னைக் கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு அழைத்தாள். நான் மலைத்துப்போனேன். அந்தப் பாட்டு வந்ததிலிருந்து அவள் அம்மா கிறிஸ்மஸுக்கு யாரையும் அழைப்பதில்லையாம்; ஆராதனை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாராம். அந்த முறைதான், தினமும் மகளை ரயிலடியில் இறக்கிவிடுகிற ஆபீஸ் அக்காவைக் கூப்பிடு என்று அவராகவே சொல்லியிருக்கிறார்.

“வாங்க கா. ஆனா அந்தப் பாட்டுப் பேச்சு மட்டும் வேணாம். நீங்க அவரோட ரசிகைன்னு அம்மாவுக்குத் தெரியாது. ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு ஆள் வீட்டுக்கு வருது. இந்தக் கிறிஸ்மஸ் மட்டும் அவங்களுக்கு நல்லபடியா போகணும்.”

“சத்தியமா வாயே தெறக்க மாட்டேன்” என்றேன்.

சொன்னபடி எல்லா ஏற்பாடும் செய்தேன். ஃபோனில் அடிக்கிற மணியை மாற்றினேன். காரில் இருந்த பாட்டுகளை அழித்தேன். பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த பாடகரின் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். பாதி வந்தது, பாதி வராமல் அவர் மூக்கு மட்டும் கண்ணாடியிலேயே நின்றது. அதையும் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். ஒரு டின் பிஸ்கட்டும் ஒரு சேலையும் வாங்கிக்கொண்டு, பாலம் தாண்டித் தீவுக்குள் போனேன்.

செம்பனைத் தோட்டத்துக்குள் எந்தச் சாலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வழி தவறிவிட்டது. இன்டர்நெட் லைன் இல்லை, வாட்ஸ்அப்பில் அவளைப் பிடிக்க முடியவில்லை. அப்போது ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். இந்த நாட்டில் தெரியாத நம்பரை யார் எடுக்கிறார்கள்? பரிசு விழுந்திருக்கிறது, போலீஸ் தேடுகிறது என்பான். முழுக்க அடித்து ஓயும்வரை விட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் விட்டேன். அதற்கு அடுத்த முறை எரிச்சலோடு எடுத்து “ஹலோ!” என்று கத்தினேன்.

முதலில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், பதமாக.

“அம்மா, வழி தவறிட்டீங்களா? பக்கத்துல என்ன தெரியுது, சொல்லுங்க. நான் சொல்றேன்.”

அவள் அம்மா. மகளுக்கு வாட்ஸ்அப் கிடைக்கவில்லை என்று தன் ஃபோனிலிருந்தே கூப்பிட்டிருக்கிறார். லைனை வைக்காமல் திருப்பம் திருப்பமாக வழி சொல்லி என்னை வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தார்.

சின்ன வீடு. சன்னலில் மடிப்புக் கலையாத புதுத் திரைச்சீலை. கதவுக்கு மேலே அட்டைப் பெட்டியின் மணம் மாறாத ஒரு நட்சத்திரம். அவரைப் பார்த்ததும் அக்கா என்றேன். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“பயப்படாம சாப்பிடுங்கம்மா. நீங்க வரீங்கன்னு மாடு சமைக்கல. கோழி மட்டும்தான்.”

பிரியாணியைப் போட்டார். போதும் என்றால் இன்னும் கொஞ்சம் போட்டார். ஆபீசில் மகள் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். நான் வாய் ஓயாமல் அவளைப் புகழ்ந்தேன். பாட்டு என்ற சொல்லைக்கூட நாக்கில் வைக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, நிம்மதியாகச் சிரித்தாள். நானும் உள்ளுக்குள் என்னை மெச்சிக்கொண்டுதான் சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

கிளம்பும்போது முறுக்கும் கேக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, கார்வரை வந்தார்.

“வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நீங்களே ஒரு கால் போட்டுருங்கம்மா. நான் கூப்பிட மாட்டேன்.”

“ஏன்கா? தாராளமா கூப்பிடுங்க. இனிமே உங்க நம்பரைப் பார்த்ததும் எடுத்துருவேன்” என்று சிரித்தேன்.

அவர் கார்க் கதவில் கையை வைத்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இல்லம்மா. நான் கூப்பிட்டா, உங்க ஃபோன்ல அந்தப் பாட்டு வருது.”

மகளின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது சுட்டது. நான் ஸ்கேமர் என்று நினைத்து அடிக்க விட்ட நேரமெல்லாம், இந்த அம்மா அடுப்படியில் நின்று அந்தப் பல்லவியைத்தான் கேட்டிருக்கிறார். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டு, மறுபடி கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் வழி சொன்னார். கேட்டுவிட்டுத்தான் எனக்குக் கோழித் துண்டைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார்.

“அக்கா, சத்தியமா... அது எப்பவோ வச்சது... நான் மறந்தே...” என்று உளறினேன். அழுகை வந்துவிட்டது. அந்தப் பாட்டுக்காக நான் அழுத அழுகைகளில் இது ஒன்றுதான் உருப்படியானது.

அவர் என் தோளைத் தட்டினார்.

“விடுங்கம்மா. பாவம், நீங்க என்ன செய்வீங்க.”

எங்கள் வீட்டில் சொல்கிற அர்த்தத்தில்தான் சொன்னார். எனக்கு அப்போது இரண்டு அர்த்தமும் கேட்டது.